நாலு மணிக்கு முகப்பாறை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் அரையாண்டு விடுமுறையின்போது கொடைக்கானலில் நடந்தது இது. நான் அப்போது கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் என் தமிழ்தான் காரணம். நான் மட்டும் கணக்கு டீச்சராக இருந்திருந்தால் எங்களுக்கு அந்த வம்பே வந்திருக்காது.

அப்பா, அம்மா இருவரையும் பழனி, கொடைக்கானல் என்று மூன்று நாள் சுற்றுலா பஸ் ஒன்றில் கூட்டிப் போயிருந்தேன். என் கணவரும் பிள்ளைகளும் என் மாமியார் ஊருக்குப் போயிருந்தார்கள். அப்பா ஒரு மில்லில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதி ஐந்து நிமிடம் ஆனதும் கேட்டைச் சாத்தச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "மணி என்னம்மா?" என்று கேட்பார். கையில் வாட்ச் இல்லாமல் இல்லை. அவர் வாட்சும் என் வாட்சும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகக் கேட்பது. முழங்கால் வலி உண்டு. பனி பட்டால் இழுப்பு வந்துவிடும்.

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவள். ஆனால் பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. பஸ்ஸில் ஏறிய அரை மணி நேரத்தில் முன் சீட்டுக்காரர் வீட்டு மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்பது வரை தெரிந்து வைத்திருந்தாள். கொடைக்கானலில் அவளுக்கு ஏரியும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம். ஒரே ஓர் ஆசைதான். அங்கே குளிரில் வாயைத் திறந்து பேசினால் புகை வருமாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாளாம். அதைத் தன் வாயில் பார்த்துவிட வேண்டும்.

மெட்ராஸில் இருந்த என் தம்பிக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. "வயசான காலத்தில் அவர்களை ஏன் மலைக்கெல்லாம் இழுத்தடிக்கிறாய்? ஏதாவது ஒன்று என்றால் நீதான் பதில் சொல்லணும்" என்று கடிதம் போட்டிருந்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'ஒரு தும்மல்கூட இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கிறேன், பார்' என்று பதில் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நாற்பது பேர். எங்களைக் கூட்டிப் போனவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அம்மா அவருக்கு 'விசிலு' என்றே பேர் வைத்துவிட்டாள். இடம் வந்ததும் ஒரு விசில், கிளம்பும்போது ஒரு விசில். பழனியில் முதல் விசிலுக்கு அப்பாவும் அம்மாவும் பஸ்ஸின் படியில் கால் வைத்தார்கள் என்றால், இரண்டாவது விசிலுக்குள் மற்றவர்கள் திரும்பியே வந்துவிட்டார்கள். மலைமேல் கூட்டத்தில் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்த் தள்ளிக்கொண்டே கீழே கொண்டுவந்தார்கள்.

"முருகனைப் பாத்தது அரை நிமிசம். இந்த விசிலுக்காரன் மொகரையப் பாத்தது அரை நாளு" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

"மொகரைன்னு சொல்லாதம்மா. முகம்னு சொல்லு" என்றேன். எனக்கு அது ஒரு வியாதி. பதினாலு வருடமாகக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தித் திருத்தி, வீட்டிலும் சிவப்பு மையோடுதான் திரிந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது பழகிப் போயிருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் மொகரை என்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பழனி விடுதியில் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தேன். கொடைக்கானலில் இந்த விசிலுக்குப் பின்னால் ஓடப் போவதில்லை. தனியாக ஒரு டாக்சி பிடித்து, அப்பா அம்மா காலுக்கு எது தாங்குமோ அதை மட்டும் பார்ப்பது. சாயங்காலம் பஸ் கிளம்புகிற நேரத்துக்கு வந்து சேர்ந்துகொள்வது. விசில்காரர் பட்டியலில் பன்னிரண்டு இடம் இருந்தது. நான் அதை மூன்றாகக் குறைத்தேன். எங்கே உட்கார பெஞ்சு இருக்கும், எங்கே படி இருக்காது, எங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று முன்பு போய் வந்த சக ஆசிரியை ஒருவரிடம் கேட்டு வைத்திருந்ததையெல்லாம் நோட்டில் மணிவாரியாக எழுதினேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மில்லு ஷிஃப்ட் சார்ட்டு மாதிரியில்ல இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

மறுநாள் வெள்ளனே கிளம்பி மலை ஏறினோம். பெருமாள்மலையில் காப்பிக்கு நிறுத்தியபோது விசில்காரரிடம் போய் என் திட்டத்தைச் சொன்னேன். மனிதர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

"தாராளமாப் போயிட்டு வாங்க டீச்சர். எனக்கும் ரெண்டு பேரை இழுத்துட்டு நடக்கிற சோலி மிச்சம். ஆனா ஒண்ணு. ஏரிக்கரையில வண்டியை நிறுத்த விட மாட்டேங்கிறாக. நாலு மணிக்கு வண்டி மூஞ்சிக்கல்லுல நிக்கும். நாலு அஞ்சுக்கு விசில். இருட்டுறதுக்குள்ள வத்தலக்குண்டு எறங்கணும். யாருக்காகவும் நிக்க மாட்டேன், அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

என் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அம்மாவும் இதைக் கேட்டாள். நான் நோட்டைத் திறந்தேன். மூஞ்சிக்கல்! அந்த வார்த்தையை எப்படி எழுதுவது? ஒரு பிள்ளை கட்டுரையில் மூஞ்சி என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'முகம்' என்று எழுதுகிற கை இது. ஏதோ முகம் மாதிரி இருக்கிற ஒரு பாறை, சுற்றுலாக்காரர்கள் பார்க்கிற இடம், அதைத்தான் இவர் தன் பாஷையில் மூஞ்சிக்கல் என்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். '4.00 – முகப்பாறை' என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன். பஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு காட்சியும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று சந்தோஷம் வேறு.

ஏரிக்கரையில் இறங்கும்போது நல்ல வெயில். நான் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். எதற்குச் சுமை என்று அப்பாவின் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், இழுப்பு மாத்திரை எல்லாம் இருந்த பையைப் பஸ்ஸிலேயே சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரே ஒரு சால்வை மட்டும் கையில். சாயங்காலம் குளிர் ஆரம்பிக்கும்போது நாம்தான் பஸ்ஸில் இருப்போமே!

டாக்சி டிரைவர் கோட்டும் மஃப்ளருமாக, பார்க்க ஒரு வாத்தியார் மாதிரி இருந்தார். கண்ணாடியில் ஒரு சின்னச் சிலுவை தொங்கியது. பேச்சில் பாதிக்குப் பாதி இங்கிலீஷ். "மேடம், த்ரீ தர்ட்டிக்கு ஸ்கூல்ல ஒரு மிஸ்ஸ பிக்கப் பண்ணணும். அதுவரைக்கும் ஃப்ரீதான். கிளைமேட் இப்ப சூப்பரா இருக்கு. மிஸ்ட் எறங்கிருச்சுன்னா அப்புறம் நத்திங்" என்றார். மூன்றரை வரை எங்களுக்குப் போதும். கடைசி இடத்தில்தான் பஸ்ஸே நிற்கிறதே.

முதலில் படகு. அப்பா, "தண்ணியில எனக்கென்ன சோலி" என்று கரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் என்னோடு ஏறினாள். வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு நட்ட நடு ஏரியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தவள், நடுநடுவே வாயை 'ஆ' என்று திறந்து ஊதிப் பார்த்தாள். துடுப்புப் போட்டவர் பயந்துவிட்டார். "அம்மாவுக்கு மயக்கம் கியக்கம் வருதாங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "வெயில்ல வராதும்மா. மேகம் எறங்கட்டும், தானா வரும்" என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்தது கோக்கர்ஸ் வாக். மலை விளிம்பில் சமமான நடைபாதை. அப்பா காலுக்குத் தோதான இடம். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, கீழே தெரிகிற ஊர்களை அடையாளம் கண்டுபிடிக்கப் பார்த்தார். ஒரு தண்ணீர்ப் பரப்பைக் காட்டிப் பெரியகுளத்துக் கண்மாய் என்றார். பக்கத்தில் நின்றவர் அது வேறு என்றார். இருவரும் இருபது நிமிடம் சளைக்காமல் வாதாடினார்கள். என் நோட்டில் அதற்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கியிருந்தேன். பரவாயில்லை என்று விட்டேன். அப்பாவை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா, "ஏட்டி, நாலு மணிக்கு மூஞ்சிக்கல்லுக்குப் போயிரணும்ல? அது எங்கிட்டு இருக்குன்னு கேட்டு வச்சியா?" என்றாள்.

"மூஞ்சிக்கல் இல்லம்மா, முகப்பாறை. நோட்டுல எழுதியிருக்கேன். நீ பேசாம இரு" என்றேன். அம்மா தலையை ஆட்டினாள்.

அப்புறம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். அங்கிருந்து பழனி மலை தெரிகிறது என்று டிரைவர் காட்டினார். தள்ளுமுள்ளு இல்லாமல் முருகனை ஆற அமரப் பார்த்துவிட்டு, தயிர்ச்சாதமும் மாவடுவும் சாப்பிட்டு, மர நிழலில் அப்பா ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டு எழுந்தார். எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குப் போனதும் தம்பிக்கு என்னென்ன எழுதலாம் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணி வாக்கில் டாக்சியில் ஏறி, "கடைசியா முகப்பாறை போகணும்" என்றேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "முகப்பாறையா? அப்படி ஒரு ஸ்பாட் இல்லையே மேடம்."

"முகம் மாதிரி பாறை இருக்குமே. டூரிஸ்ட் பஸ் எல்லாம் வந்து நிக்குமே" என்றேன்.

"ஓ, பில்லர் ராக்ஸ் சொல்றீங்களா? ஆமா, சைடுல இருந்து பார்த்தா ஃபேஸ் மாதிரிதான் இருக்கும். பஸ் எல்லாம் அங்கதான் வரும்."

அப்போது பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அம்மா முன்னால் நகர்ந்து, "அது இல்லப்பா, மூ..." என்று வாயெடுத்தாள். எனக்குப் பகீர் என்றது. இவ்வளவு இங்கிலீஷ் பேசுகிற மனிதர் முன்னால் இவள் மூஞ்சி என்று சொல்லிவிடப் போகிறாளே என்று சட்டென்று அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினேன். அம்மா என்னைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பில்லர் ராக்ஸ் ஊரைவிட்டு வெகு தூரம் தள்ளி இருந்தது. போகப் போகக் காடு. நாங்கள் போய் இறங்கவும் மேகம் வந்து மூடவும் சரியாக இருந்தது. தூண் மாதிரி நிற்கும் பாறைகள் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கம்பி வேலியும் அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையும்தான். டிரைவர், "இப்ப கிளியர் ஆயிரும் மேடம், வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட மிஸ்ஸை ஏற்றப் போய்விட்டார்.

இரண்டு சுற்றுலா பஸ்கள் நின்றன. எங்கள் பஸ் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பஸ்களும் கிளம்பிப் போயின.

"மணி என்னம்மா?" என்றார் அப்பா.

"மூணு இருபத்தஞ்சுப்பா."

"எனக்கும் அதான்" என்றவர் லேசாக இரும ஆரம்பித்தார். சால்வையை அவர் தலையோடு சுற்றிவிட்டேன். சற்று முன்பு வரை வெயில் அடித்த ஊரா இது என்கிற மாதிரி குளிர் பிடித்துக்கொண்டது. மாத்திரைப் பை பஸ்ஸில். ஸ்வெட்டர் பஸ்ஸில். மூன்றரை ஆயிற்று. ஒரு வண்டி வருகிற சத்தம்கூட இல்லை.

வேலி ஓரத்தில் ஓர் அம்மா தழையோடு கேரட்டைக் கட்டுக்கட்டாக அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். மேல்மலைக் கிராமத்துக்காரர். வியாபாரம் முடிந்து கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "முகப்பாறைங்கிறது இதானேங்க? நாலு மணிக்கு எங்க பஸ் இங்கதான் வரும்னு சொன்னாங்க" என்று கேட்டேன்.

"மொகப்பாறையா? நான் பொறந்ததுல இருந்து இங்கனதான் கெடக்கேன். அப்படி ஒரு பேரே கேட்டதில்லையே தாயி" என்றார் அவர்.

அம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, "எங்களுக்கு மூஞ்சிக்கல்லுக்குப் போகணும்த்தா. அங்கதான் வண்டி நிக்கும்னு அந்த விசிலு சொன்னான்" என்றாள்.

கேரட் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தே! மூஞ்சிக்கல்லா? அது கீழ டவுனுக்குள்ள நொழையிற எடத்துலல்ல இருக்கு. கடைத்தெருவும்மா அது. பாறையும் இல்ல, கீறையும் இல்ல. வத்தலக்குண்டு ரோட்டுல நீங்க ஏறி வந்தப்பவே அதைத் தாண்டித்தான் வந்திருப்பீக. இங்க இருந்து பத்து கிலோமீட்டருக்குக் கொறையாதே!"

மூஞ்சிக்கல் என்பது ஒரு பேட்டையின் பெயர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதை அப்படியே சொல்லியிருந்தால் டாக்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விட்டிருப்பார். நான் அதற்குத் தமிழ்த் திருத்தம் போட்டு, உலகத்திலேயே இல்லாத ஓர் ஊரை உண்டாக்கி, நோயாளி அப்பாவையும் அம்மாவையும் காட்டு நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். மணி மூன்று முப்பத்தைந்து.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாம் என்னால வந்ததும்மா. பெரிய பண்டிதை மாதிரி எழுதினேன் பாரு. உன்னையும் பேச விடாம... இப்ப அப்பாவுக்கு இழுத்துச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்று கத்தினேன்.

அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. "ஏட்டி! ஒன் வாயில புகை வருது!" என்று கூவினாள். உடனே தன் வாயையும் திறந்து ஊதினாள். புகைந்தது. "ஏங்க, இங்க பாருங்க! எனக்கும் வருது! நீங்களும் ஊதுங்க!" அப்பா இருமலுக்கு நடுவில் ஊதினார். அவர் வாயிலும் வந்தது. நான் அழுதுகொண்டே நிற்கிறேன், இவர்கள் இருவரும் ரயில் எஞ்சின் மாதிரி மாறி மாறி ஊதிக்கொண்டு நிற்கிறார்கள். கேரட் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அது வேறு புகையாக வந்தது.

சிரித்து முடித்த கேரட் அம்மாதான் காரியத்தில் இறங்கினார். காட்டுப் பக்கத்திலிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. அவர் நட்ட நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டார். டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுப்பதற்குள், "ஏலே, இந்தப் பெரியவுகளை மூஞ்சிக்கல்லுல எறக்கி விடு. நாலு மணி வண்டிய விட்டாகன்னா குளிருல வெறைச்சுப் போவாக. வெரசா!" என்று அதட்டினார்.

வத்தலக்குண்டுக்குப் போகிற லாரி. அதே வழி. முன்னால் உட்கார்ந்திருந்த சுமைதூக்கி மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, மரக்கட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார். ஆனால் லாரியின் படி அப்பாவின் இடுப்பு உயரம். முழங்கால் மடங்காது. கேரட் அம்மா தான் உட்கார்ந்து விற்ற மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் ஏறி, டிரைவர் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, நானும் கேரட் அம்மாவும் கீழேயிருந்து தள்ள, ஒரு வழியாக அப்பா உள்ளே போனார். அம்மா யார் உதவியும் இல்லாமல் ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கேரட் அம்மா ஒரு கட்டுக் கேரட்டை ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டார். நன்றி சொல்லக்கூட எங்களுக்கு நேரமில்லை. அவர் பேரும் கேட்கவில்லை.

லாரி கிளம்பியது. எதிரே நாலடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஓட்டினார். எஞ்சின் சூட்டில் உள்ளே கதகதப்பாக இருந்தது. அப்பாவின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் இப்போது என்னிடம் மணி கேட்கவில்லை. தன் வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மூணு அம்பத்திரெண்டு" என்றார் ஒரு வளைவில். ஏரிக்கரைக்கு வந்தபோது, "நாலு" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "முப்பது வருசத்துல எத்தனை பேருக்குக் கேட்டைச் சாத்தச் சொல்லியிருக்கேன். ஓடி வருவாங்க. பஸ் வரலைம்பாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்ம்பாங்க. நான் மணியைக் காட்டிட்டு உள்ளே போயிருவேன். அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அம்மா ஒரு கேரட்டை ஒடித்து அவர் கையில் கொடுத்தாள். "இப்ப அதெல்லாம் எதுக்கு? தின்னுங்க."

மூஞ்சிக்கல் வந்தபோது நாலு எட்டு. கடைகள், காய்கறிக் கூடைகள், ஒரு டீக்கடை. பஸ் இல்லை. டீக்கடைக்காரரிடம் டிரைவர் கேட்டார். "கோவில்பட்டி வண்டிதானே? நாலஞ்சு தடவை விசில் அடிச்சுப் பாத்தாரு. இப்பத்தான் கெளம்பிப் போகுது" என்று அவர் கையைக் காட்டினார். "போச்சு, எல்லாம் போச்சு" என்றேன் நான். டிரைவரோ ஏதோ திருவிழாப் பந்தயத்துக்குக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியம்மா, கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!"

இரண்டு வளைவு தாண்டியதும் எங்கள் பஸ்ஸின் பின்புறம் தெரிந்தது. லாரி டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். பஸ் டிரைவர், லாரி வழி கேட்கிறது என்று நினைத்து, ரோடு அகலமான இடத்தில் ஒதுங்கி, கையை ஆட்டி வழி விட்டார். லாரி முன்னால் போய், பஸ்ஸை மறித்த மாதிரி நின்றது.

விசில்காரர் கோபத்தில் முகம் சிவக்கக் குதித்து இறங்கி வந்தார். லாரிக் கதவு திறந்தது. முதலில் ஒரு கட்டுக் கேரட் வந்தது. பின்னாலேயே அம்மா வந்தாள். அவரைப் பார்த்ததும், "ஏலே விசிலு, மூஞ்சிக்கல்லுன்னு நீ சரியாத்தான்ப்பா சொன்ன. எம் மகதான் அதைத் தேச்சுக் குளிப்பாட்டி மொகப்பாறையாக்கிட்டா!" என்றாள். பஸ்ஸில் இருந்த முப்பத்தேழு பேரும் ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

அப்பாவை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். விசில்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்கோங்கய்யா. மூணு நிமிசம் கூடவே நின்னு பாத்தேன். கீழ எறங்கணும்ல, அதான்..." என்று இழுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க செஞ்சது சரி. தப்பு எங்க மேல. ஆனா ஐயா, மூணு நிமிசம் நின்னீங்க பாருங்க, அது எனக்குத் தோணாமப் போச்சு" என்றார். விசில்காரருக்குப் புரிந்ததோ இல்லையோ, கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லாரி டிரைவர் எங்கள் நன்றிக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டார்.

பையிலிருந்த மாத்திரையைப் போட்டு, ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டி அப்பாவை உட்கார வைத்தேன். வத்தலக்குண்டு போய்ச் சேரும் வரைக்கும் அம்மா பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கேரட்டை விநியோகம் செய்தபடி, வாயில் புகை வந்த கதையைச் சொன்னாள். பன்னிரண்டு இடத்தையும் ஓடி ஓடிப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் புகை வரவில்லையாம். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. ஊருக்கு வந்த பிறகு அப்பா ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. தம்பிக்கு எழுதும்போது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒரு வார்த்தையும் திருத்தாமல். மூஞ்சி உட்பட. 'உன் கடிதங்களிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது' என்று பதில் போட்டான் அவன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், 'நான் சென்ற இடம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை, 'குளிர்ந்த காற்று என் மூஞ்சியில் அடித்தது' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனா அந்த வார்த்தைக்கு மேல் வந்து நின்றது. வட்டம் போடவில்லை. மூடி போட்டு வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு எங்கே போனாள், என்ன பார்த்தாள் என்று கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அன்று டாக்சியில் அம்மாவின் கையை அழுத்தாமல் விட்டிருந்தால் நாங்கள் நாலு மணிக்கு முன்பே சொகுசாகப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை வருடம், எத்தனை பேர் முன்னால் அந்தக் கையை நான் அப்படி அழுத்தி வந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.